மாட்டுக்கு அகத்திக்கீரை! மக்களுக்குச் சோகையா?

(திருச்சியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாப்பாட்டைப் பற்றியது. துண்டு நோட்டீசில் இதைப் பார்த்துவிட்டுச் சிலர், “சாமி இல்லை, சாதி இல்லை என்று பேசுகிறவர்களுக்குக் கீரையைப் பற்றியும் கேழ்வரகைப் பற்றியும் என்ன பேச்சு? இவர்களும் சமையலறைக்குள் புகுந்துவிட்டார்களா?” என்று கேட்டதாகக் கேள்விப்பட்டோம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டில் சாமியும், சாதியும், சாஸ்திரமும் கோவிலுக்குள் மாத்திரம் இருந்தால் நாம் கோவிலைப் பற்றி மாத்திரம் பேசிவிட்டுப் போய்விடலாம். அவை நம் அடுப்பங்கரையிலே குடியிருக்கின்றன. சோற்றுப் பானையிலே மூழ்கிக் கிடக்கின்றன. கர்ப்பிணிப் பெண்ணின் வயிற்றிலே கை வைக்கின்றன. பிறந்த குழந்தையின் வாயை அடைக்கின்றன. ஆகவே நாமும் அடுப்பங்கரைக்குள் போகவேண்டியதாகத்தான் இருக்கிறது.

தோழர்களே! சமீபத்தில் ஒரு அமாவாசையன்று காலையில் நாம் சீரங்கம் அம்மா மண்டபத்திற்குப் போயிருந்தோம். திதி கொடுக்கப் போகவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனோம். காவிரிக் கரையில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். இறைத்துவிட்டு வெளியே வந்ததும் ஆளுக்கொரு கட்டு அகத்திக்கீரை வாங்கி, அங்கே கட்டியிருக்கிற பசுமாட்டுக்குக் கொடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். காலை முதல் தின்று தின்று அந்த மாடு அலுத்துப் போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறது. இவர்களோ அது திரும்புகிற பக்கமெல்லாம் கட்டைக் கொண்டுபோய் நீட்டுகிறார்கள். கேட்டால் பாவம் போகிறதாம், பிதுர்களுக்குத் திருப்தியாம்.

அந்தக் கீரையை விற்றுக்கொண்டிருந்தது ஒரு வயதான அம்மாள். பக்கத்தில் பன்னிரண்டு வயதிருக்கும் பேத்தி ஒன்று. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போயிருந்தது. நகத்தில் இரத்த ஓட்டமில்லை. நாலு கட்டைத் தூக்கிக்கொண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாம் அந்த அம்மாளைப் பார்த்து, “இந்தக் கீரையை வீட்டில் சமைக்கிறதுண்டா அம்மா?” என்று கேட்டோம். “இதெல்லாம் மாட்டுக்குப் போடுறதுங்க. நாங்க எங்கே இதைத் திங்கிறது?” என்று சிரித்தாள். “பேத்திக்கு உடம்புக்கு என்ன?” என்றோம். “என்னமோ தோஷமுங்க. சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டிருக்கோம்” என்றாள்.

தோழர்களே, நாம் இன்று பேசப் போவதெல்லாம் இந்த ஒரு காட்சிதான். மருந்து கூடைக்குள் இருக்கிறது. நோய் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு மாட்டையும், ஒரு தோஷத்தையும், ஒரு வேண்டுதலையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

கணக்கு என்ன சொல்லுகிறது?

இது ஏதோ ஒரு பெண்ணின் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு இருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 25 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குறுகிப் போயிருக்கின்றன. 100-க்கு 22 குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற எடையில்லை. சோகை பிடித்த குழந்தைகள் 100-க்கு 57. பதினைந்து வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களிலோ 100-க்கு 53 பேருக்குச் சோகை. இந்தக் கூட்டத்தில் இருக்கிற தாய்மார்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தத்தில் போதிய சத்தில்லை என்று இதற்கு அர்த்தம்.

இத்தனைக்கும் தமிழ்நாடு பஞ்சப் பிரதேசமல்ல. காவிரி ஓடுகிற ஜில்லா நம்முடையது. ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. காந்தி மார்க்கெட்டில் விடியற்காலம் போய்ப் பாருங்கள். காயும் கனியும் கீரையும் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. அப்படியிருந்தும் குழந்தை மெலிவானேன்? வயிறு நிறைகிறது, உடம்பு நிறையவில்லை. வயிறு நிறைவது வேறு, உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு என்பதை நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

குழந்தை மெலிந்தால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பட்சி தோஷம் என்கிறார்கள்; தேரை தோஷம் என்கிறார்கள்; கண்ணேறு என்கிறார்கள். மந்திரித்து விபூதி போடுகிறார்கள்; தாயத்துக் கட்டுகிறார்கள். அரைஞாணில் கட்டிய தகட்டுக்குக் கொடுத்த பணத்தில் முப்பது முட்டை வாங்கியிருக்கலாமே என்று ஒருவரும் யோசிப்பதில்லை. இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், “எல்லாம் பூர்வ ஜன்ம கர்மம், தலையெழுத்து” என்று வேதாந்தம் பேசுகிறார்கள்.

எலிக்கும் கர்மம் உண்டா?

இந்தக் கர்மக்காரர்களுக்கு நாம் ஒரு எலிக் கதை சொல்லுகிறோம். இது புராணத்து மூஞ்சூறு அல்ல. கண்ணால் பார்த்து, தராசில் நிறுத்து எழுதி வைத்த எலி.

1920-களில் நமது நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் உணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த ஆராய்ச்சிச் சாலைதான் பிற்காலத்தில் ஐதராபாத்துக்குப் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர் ஒரே இனத்து எலிகளைப் பல கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒரு கூட்டத்துக்குப் பட்டாணியர் சாப்பாடு, மராத்தியர் சாப்பாடு, வங்காளிகள் சாப்பாடு, மதராஸ்காரர் சாப்பாடு என்று தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். பிறகு நிறுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி, எப்போதாவது மாமிசம் என்று தின்ற சீக்கிய எலி சராசரி 235 கிராம் இருந்தது. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் தின்ற நமது மதராஸ் எலி 155 கிராம்தான் இருந்தது. எல்லாவற்றிலும் கடைசி!

இப்போது சொல்லுங்கள். 80 கிராம் குறைந்துபோன அந்த எலி பூர்வ ஜன்மத்தில் என்ன பாவம் செய்தது? எந்தப் பிரம்மா அதன் தலையில் எழுதினான்? எலிக்குத் தலையெழுத்து அல்ல, தட்டில் விழுந்த தீனிதான் காரணம் என்றால், மனிதக் குழந்தைக்கு மாத்திரம் காரணம் எப்படி மாறிவிடும்?

பச்சரிசி மடி, புழுங்கலரிசி தீட்டா?

அடுத்தபடியாக அரிசியை எடுத்துக்கொள்ளுவோம். நம் நாட்டில் அரிசிக்கும் சாதி உண்டு. பச்சரிசி மடியானது, சாமிக்குப் படைக்கலாம், திதிக்கு ஆகும். புழுங்கலரிசியோ ஏற்கெனவே வெந்துபோனது. ஆகவே நைவேத்தியத்துக்கு ஆகாது. இது வைதிகர்கள் ஏற்படுத்திய சட்டம். அவர்களைப் பார்த்து நம்மவர்களும் நல்ல நாள் பெரிய நாள் என்றால் பச்சரிசிதான் கௌரவம் என்று நினைக்கிறார்கள்.

விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது? நெல்லை ஊறவைத்து அவித்தால் தவிட்டை ஒட்டியிருக்கிற உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. பச்சை நெல்லைத் தீட்டினாலோ அந்தச் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. அந்த உயிர்ச்சத்து இல்லாவிட்டால் பெரிபெரி என்கிற நோய் வரும். கால் மரத்துப் போகும், வீங்கும், இருதயம் நின்று ஆள் செத்தும் போவான்.

இதைக் கண்டுபிடித்ததில் நம் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. முன் காலத்தில் நமது திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து ஏழைகள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி மலாய் நாட்டுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள் அல்லவா? அங்கே பெரிபெரி வந்து சீனத் தொழிலாளிகள் ஏராளமாய்ச் செத்தார்கள். ஆனால் பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களுக்கு அந்நோய் அநேகமாக வரவில்லை. பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்துப் பார்த்தார். சீனர் தின்றது தீட்டிய பச்சரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்ற டாக்டர் இதைச் சோதித்தும் பார்த்தார். நோயாளிகளில் ஒரு பாதிக்குப் பச்சரிசியும் ஒரு பாதிக்குப் புழுங்கலரிசியும் போட்டதில், பச்சரிசிக்காரர்களுக்குத்தான் பெரிபெரி வந்தது. இது 1905, 1906-ம் ஆண்டுகளில் நடந்தது. சாவா தீவில் எய்க்மன் என்ற டாக்டர் அதற்கு முன்பே, தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோவதைக் கண்டு எழுதியிருந்தார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள்.

ஆகவே தோழர்களே, சாமிக்கு ஆகாது என்று தள்ளிய அரிசிதான் கூலிக்காரனின் உயிரைக் காப்பாற்றியது. சாஸ்திரத்தை நம்பியிருந்தால் செத்திருப்பான். பழக்கத்தில் புழுங்கலரிசி தின்றதால் பிழைத்தான். நமக்கு எது மேல், எது கீழ் என்பதைச் சாமியைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது, உடம்பைக் கேட்டு முடிவு செய்யவேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கேழ்வரகின் கதையும் இதுதான். “கூழ் குடிக்கிறவன்” என்று சொன்னால் நம் ஊரில் அது வசவு. வெள்ளைச் சோறு தின்கிறவன் பெரிய மனிதன். களி தின்கிறவன் காட்டான். ஆனால் 100 கிராம் தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பல்லும் எலும்பும் கட்ட வேண்டிய குழந்தைக்கு எது பெரிய மனிதர் சாப்பாடு? பச்சைமலைப் பக்கத்து ஜனங்களும் மேட்டுக்காட்டு ஜனங்களும் நேற்றுவரை தின்றதைக் கேலி பேசியே நிறுத்தவைத்தோம். இன்று அதையே பட்டணத்தில் அழகான காகிதப் பெட்டியில் போட்டு நாலு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கூழ் குடித்தவன் கேவலமானவன். பெட்டியில் வாங்குகிறவன் நாகரிகமானவன்! இதுவும் ஒரு வர்ணாசிரமந்தான்.

வேதாளம் ஏறிய மரம்

இனி, இந்த ஊரில் நம் கைக்கெட்டும் தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் நாம் சொன்ன அகத்தி. காவிரிக் கரைக் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு அகத்தியைத்தான் கொம்பாக வளர்க்கிறார்கள். அதன் கீரையில் 100 கிராமுக்கு 8 கிராம் அளவு புரதமும், சுமார் 900 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. இது சீரங்கத்து வைதிகர்களுக்குத் தெரியாததல்ல. ஏகாதசிப் பட்டினி முடிந்து துவாதசியன்று அவர்கள் எதைச் சாப்பிட்டு விரதம் முடிக்கிறார்கள்? அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய்! கெட்டிக்காரத்தனமான சாப்பாடுதான். கீரையோடு நெல்லிக்காயைச் சேர்த்தால், நெல்லியின் புளிப்பிலுள்ள சி உயிர்ச்சத்து கீரையின் இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ளும்படி செய்கிறது. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். இவ்வளவு நல்ல சாப்பாட்டைப் பட்டினியின் வாலிலே கட்டி, பதினைந்து நாளைக்கு ஒரு முறை என்று ஆக்குவானேன்? துவாதசியில் நல்லது திங்கட்கிழமையில் கெட்டுவிடுமா? ஏழையிடம் மாத்திரம் “இது மாட்டுக்கு” என்று சொல்லுவானேன்?

அடுத்தது முருங்கை. ஒரு கொம்பை ஒடித்து நட்டால் போதும். தண்ணீர் கூடக் கேட்காது. கீரை, பூ, காய் எல்லாம் உணவு. நூறு கிராம் கீரையில் 6 கிராமுக்கு மேல் புரதம், 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, கண்ணுக்கு வேண்டிய ஏ உயிர்ச்சத்தாக மாறும் பொருள் ஏராளம். மாலைக்கண் வந்து குருடாகாமல் குழந்தையைக் காக்கிற கீரை இது. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? அந்த மரத்தின்மேல் வேதாளத்தை ஏற்றிவைத்தார்கள்! “முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான்” என்று பழமொழி சொன்னார்கள். வீட்டுக்கு முன்னால் இருந்தால் ஆகாது என்று வெட்டினார்கள். வேதாளம் முருங்கை மரத்தில் இல்லை தோழர்களே. நம் மூளையில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் சொல்லவேண்டுமானால், மணப்பாறை, துறையூர் மேட்டு நிலங்களில் விளைகிற நிலக்கடலையில் கால் பங்கு அளவுக்குப் புரதம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏரிகளிலும் கிடைக்கிற சின்ன மீன்களை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து வருகிறது. தொட்டியத்திலும் முசிறியிலும் ஏராளமாய் விளைகிற வாழையின் பழம், பூ, தண்டு மூன்றும் உணவு. இந்தத் திருச்சியிலே 1993-ல் வாழைக்கென்றே தனி ஆராய்ச்சி மையம் வைக்கும் அளவுக்கு இது வாழை நாடு. ஆனால் வாழைப்பூவை ஆய்ந்து சமைக்க நேரமில்லை என்று மாட்டுத் தொட்டியில் போடுகிறோம். ஆடவர்களும் உட்கார்ந்து ஆய்ந்தால் நேரம் கிடைக்கும்!

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒரு மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டு இன்னொன்றை வைக்கிற வேலை நமக்கு வேண்டாம். முருங்கையை “அதிசய மரம்” என்று பேர் வைத்து, அதன் பொடியைப் புட்டியில் அடைத்து, சர்வரோக நிவாரணி என்று விற்கிறவனும் தாயத்துக்காரனுக்குத் தம்பிதான். கீரையிலுள்ள இரும்பு முழுவதும் உடம்பில் ஒட்டுவதில்லை, கொஞ்சந்தான் ஒட்டும். எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் கூட ஒட்டும். சாப்பிட்டவுடன் டீயும் காப்பியும் குடித்தால் அதுவும் குறையும். மீன், ஈரல், மாமிசம் இவற்றிலுள்ள இரும்புதான் சுலபமாகச் சேரும். முற்றிய சோகைக்கு வெறுங்கீரை போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற இரும்பு மாத்திரையும், பூச்சி மாத்திரையும் தின்றாகவேண்டும். கொக்கிப் புழு வெறுங்காலின் வழியாக ஏறி இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆகவே செருப்பும் கக்கூசும் கூடச் சத்துணவைச் சேர்ந்தவைதான்.

அந்த மாத்திரையில் இரும்போடு இன்னொரு சத்தும் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஒரு பெண் டாக்டர் 1928 முதல் பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வரும் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாரம் கொடுத்து அதைக் குணப்படுத்திக் காட்டினார். அந்தச் சத்தைப் பிறகு 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, லத்தீன் மொழியில் இலைக்குள்ள பெயரை வைத்து போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஒரு பெண் பல பெண்களின் உயிரைக் காப்பாற்றிய சரித்திரம் அது. இதற்கு யாரும் நோன்பு கும்பிடவில்லை.

பந்தியில் உட்கார்ந்த சாதி

பொருள் இருந்தால் மாத்திரம் போதாது. அது குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேரவேண்டும். வழியில் சாதி மறிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது நம் நாட்டில் எப்போது ஆரம்பித்தது? 1920-ல், நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் சென்னை நகரசபைத் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட ஏற்பாடு செய்தார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு. 1956-ல் காமராசர் மதிய உணவை ராஜ்யம் முழுவதும் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கி ஆரம்பித்த இடம், நம் திருச்சிக்குப் பக்கத்திலுள்ள பாப்பாக்குறிச்சிதான். 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்து, 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆயிற்று. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023-ல் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கட்சி எதுவாயிருந்தாலும், சோறு போட்டவரைச் சோறு போட்டவர் என்று சொல்ல நாம் தயங்கவில்லை. எந்தச் சாமியும் வந்து போடவில்லை; மனிதர்கள் தீர்மானம் போட்டு, வரிப் பணத்தில் போட்டார்கள்.

இந்தச் சோறு வயிற்றை மாத்திரம் நிரப்பவில்லை. சேரிப் பிள்ளையையும் ஊர்ப் பிள்ளையையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தது. அதனால்தான் சிலருக்கு ஜீரணமாகவில்லை. 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு அம்மாள் சமைக்கக்கூடாது என்று சாதிக்காரர்கள் தடுத்தார்கள். 2023-ல் நமக்குப் பக்கத்து ஜில்லாவான கரூரில் வேலன்செட்டியூர்ப் பள்ளியில், அதே காரணத்துக்காகத் தங்கள் பிள்ளைகள் காலை உணவு சாப்பிடக்கூடாது என்றார்கள் சில பெற்றோர்கள். கலெக்டரே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. கவனியுங்கள்! தடுத்தவர்கள் பார்ப்பனர்கள் அல்ல, நம்மவர்கள்தான். பார்ப்பனியத்தைத் திட்டிக்கொண்டே அதன் எச்சிலை மாத்திரம் பத்திரமாக வைத்துக்கொள்ளுகிறவர்களுக்குச் சுயமரியாதை என்கிற வார்த்தையை உச்சரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? தன் பிள்ளை மெலிந்தாலும் பரவாயில்லை, அடுத்த சாதிக்காரி கைச்சோறு கூடாது என்கிறானே, இவன் பிள்ளைக்குத் தகப்பனா, சாதிக்குத் தகப்பனா?

மற்ற ராஜ்யங்களிலோ முட்டைக்கே சாதி கற்பிக்கிறார்கள். 2015-ல் மத்தியப் பிரதேசத்து முதலமைச்சர் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை போடமுடியாது என்று சொல்லிவிட்டார். 2021-ல் கர்நாடகத்தில் சில மடாதிபதிகள் பள்ளியில் முட்டை கூடாது என்று கிளம்பினார்கள். மடாதிபதிக்குப் பாலும் நெய்யும் முந்திரியும் இருக்கிறது. அவர் முட்டையை வெறுக்கலாம். மண் சுமக்கிறவள் பிள்ளைக்கு அவர் எதை மாற்றாகக் கொடுத்தார்? வேண்டாதவர் பிள்ளைக்கு நம் பள்ளியில் வாழைப்பழம் கொடுக்கிறார்கள். யார் வாயிலும் திணிப்பதில்லை. தனக்கு வேண்டாமென்பது உரிமை. பிறருக்குக் கூடாதென்பது அக்கிரமம்.

கடைசியில் சாப்பிடுகிறவள்

தாய்மார்களே! இப்போது வீட்டுக்குள் வருவோம். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? புருஷன் சாப்பிட்டு, மாமனார் சாப்பிட்டு, ஆண் பிள்ளைகள் சாப்பிட்டு, மீன் துண்டும் முட்டையும் போன பிறகு, குழம்பைச் சுரண்டிச் சாப்பிடுகிறவள் பெண்தான். மாதந்தோறும் இரத்தம் இழக்கிறவள் அவள். பத்து மாதம் சுமக்கிறவள் அவள். பால் கொடுக்கிறவள் அவள். அதிகம் வேண்டியவளுக்கு மிச்சம்! இதற்குப் பதிவிரதா தர்மம் என்று பெயர். போதாததற்கு வெள்ளிக்கிழமை விரதம், ஏகாதசி விரதம், வரலட்சுமி நோன்பு. விரதம் என்று பெயர் வைத்த பட்டினியில் பெரும்பங்கு பெண்கள் தலையில்தான்.

நம் பாட்டிமார்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் சொல்லவில்லை. பெண் சமைந்தால் உளுந்தங்களியும், நல்லெண்ணெயும், முட்டையும் கொடுக்கிறார்களே, அது அறிவோடு கூடிய காரியம். வளர்கிற பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் வேண்டும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். ஆனால் அது எத்தனை நாளைக்கு? சடங்கு முடிகிறவரையில்தான். பந்தலுக்கும் பத்திரிகைக்கும் சீர்வரிசைக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்து கடனாளியாகி, களியை நிறுத்திவிடுகிறோம். சடங்கை நிறுத்திக் களியை நீடித்திருந்தால் பெண் பிழைத்திருப்பாள்.

குழந்தை பிறந்தவுடன் வரும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி எறிகிறார்களே, அதைவிட மூடத்தனம் உண்டா? அந்த மஞ்சள் பாலில்தான் நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. அதை எறிந்துவிட்டு, தெருவில் ஓட்டிக்கொண்டு வருகிறானே, அந்தக் கழுதைப் பாலைச் சங்கில் வாங்கிக் காசு கொடுத்துப் புகட்டுகிறோம்! சொந்த ஊரில் விளையும் உணவுகளிலெல்லாம் முதல் உணவு தாய்ப்பால். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க ஆரம்பித்து, ஆறு மாதம் வரையில் அது ஒன்றே போதும். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு, முட்டை, எண்ணெய் விட்டு மசித்த கீரை, வாழைப்பழம் இவற்றைக் கொடுக்கவேண்டும். அந்த ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையில்தான் குழந்தை குறுகிப் போவதும் நிமிர்வதும் பெரும்பாலும் முடிவாகிறது.

என்ன செய்யவேண்டும்?

தோழர்களே! சர்க்கார் செய்யவேண்டியது அநேகம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கவேண்டும். கூலி உயராமல் கீரையை மாத்திரம் உபதேசிப்பது ஏழையை ஏய்ப்பதாகும் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் இன்றிரவே நம் வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முருங்கைக் கொம்பு நடுங்கள். இடமில்லாதவர்கள் தெருவில், பள்ளிக்கூடத்தில் நடுங்கள். வாரத்துக்கு மூன்று நாளாவது கீரை, அதோடு ஒரு எலுமிச்சை மூடி. ஒரு வேளையாவது கேழ்வரகோ கம்போ. சாப்பிட்ட கையோடு டீக்கடைக்கு ஓடாதீர்கள். புருஷனும் பெண்சாதியும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து, இருப்பதைப் பங்கிட்டுச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிக்கு ஒரு கரண்டி கூடப் போடுங்கள். மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் குழந்தையை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் பூசாரியிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் யார் சமைக்கிறார் என்று எவனாவது சாதி கேட்டால், நீங்கள் போய் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நமது இயக்கத்தின் சமபந்தி போஜனம் என்பது அதுதான்.

மாட்டின்மேல் நமக்குத் துவேஷமில்லை. மாடு தின்னட்டும், பால் கொடுக்கட்டும். ஆனால் அடுத்த அமாவாசைக்கு அம்மா மண்டபம் போகிறவர்களுக்கு நாம் ஒன்று சொல்லுகிறோம். வாங்குகிற கட்டை மாட்டிடம் நீட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் ஆய்ந்து, பருப்புப் போட்டு வேகவைத்து, பிள்ளைகளுக்குப் போடுங்கள். செத்துப்போன தகப்பனுக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. உயிரோடிருக்கிற பெண்ணுக்கு லாபமுண்டு.

நாம் அன்று அந்த அம்மாளிடம் ஒரு கட்டு வாங்கி, அவள் பேத்தி கையிலேயே கொடுத்து, “இது மாட்டுக்கில்லை, உனக்கு” என்றோம். அந்தப் பெண் பாட்டியைப் பார்த்தாள். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எப்படிங்க சமைக்கிறது?” என்று கேட்டாள். தோழர்களே, அந்த ஒரு கேள்விதான் நமக்கு வேண்டியது. அதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கவைப்பதுதான் நம் வேலை.